விலக்கும் விலங்கும்: மடகாஸ்கரின் தென்திசைச் சாலையில்

மடகாஸ்கர் தீவின் நடுமேட்டு நிலத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரத்தில் அமைந்த தலைநகர் அந்தனானரிவோவை அடையும் பயணி, தாம் படித்தறிந்த மழைக்காட்டை அங்கே காண்பதில்லை. குன்றுகளின் இடுக்குகளை நிரப்பிக்கொண்டு நகரின் எல்லைவரை வந்து நிற்கும் நெல் வயல்களும், அவற்றின் கரைகளில் வரிசையாக மேயும் வாத்துகளும், மேட்டில் செங்கல்லால் எழுப்பப்பட்ட, ஒடுங்கிய முகப்பும் செங்குத்தான கூரையும் கொண்ட வீடுகளுமே கண்ணுக்குத் தெரிகின்றன. மழை ஓய்ந்த மாதங்களில் வயலின் களிமண்ணை அறுத்து அங்கேயே சூளை வைத்துச் செங்கல்லாக்கும் உழவர்கள், மழை தொடங்கியதும் அதே இடத்தில் மீண்டும் நாற்று நடுவதால், ஊருக்குச் சோறும் சுவரும் ஒரே நிலத்திலிருந்து கிடைக்கின்றன.

ஏறத்தாழ 5,87,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவு உலகின் நான்காவது பெரிய தீவாகும். ஆப்பிரிக்கக் கரை இதற்கு 400 கிலோமீட்டர் அளவிலேயே இருந்தாலும், இங்கு பேசப்படும் மலகாசி மொழி இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் போர்னியோவின் தென்கிழக்கில், பரிட்டோ ஆற்றுப் பகுதியில் வழங்கும் மாஅன்யான் மொழிக்கு மிக நெருங்கிய உறவுடையது என்பதை நார்வே நாட்டு மொழியறிஞர் ஒட்டோ தால் 1951இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். தென்கிழக்காசியாவிலிருந்து ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய மூதன்னையர் முப்பது பேர் அளவினரே இருந்திருக்கலாம் என 2012இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பின்னர் ஆப்பிரிக்க நிலப்பரப்பிலிருந்து வந்தோரும் அராபிய வணிகரும் கலந்து உருவான இச்சமூகத்தில், மூங்கில் குழாயின்மீது நரம்பு கட்டி மீட்டப்படும் வலிஹா என்னும் இசைக்கருவியும், பக்கவாட்டில் மிதவைக் கட்டை பூட்டிய தோணியும், மூன்று வேளையும் சோறுண்ணும் பழக்கமும் கிழக்கு மூதாதையரின் கொடையாக இன்றும் நிற்கின்றன. சோறு வடித்தெடுத்த பின் பானையின் அடியில் ஒட்டிய காந்தலில் நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, மெல்லிய புகைமணம் ஏறிய அந்த நீரை உணவோடு பருகுகின்றனர். ரனோவோலா எனப்படும் இந்தப் பானம் கிடைக்காத சிற்றுண்டிச்சாலையைச் சாலையோரத்தில் காண்பது அரிது.

மேட்டுநிலத்தில் வாழும் மெரினா இனத்தவரின் அரசு எழுந்த இடமான அம்போஹிமங்கா, தலைநகருக்கு வடக்கே ஒரு காட்டுக்குன்றின்மேல் உள்ளது. 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சிதறிக் கிடந்த மெரினாச் சிற்றரசுகளை ஒன்றாக்கிய மன்னர் அந்திரியனம்போய்னிமெரினாவின் மாளிகை, கருமை ஏறிய மரப்பலகைகளால் ஆன ஒற்றை அறை வீடே என்பது, மாளிகை என்ற சொல்லைக் கேட்டு வந்தவர்களை வியக்கவைக்கிறது. உள்ளே நுழைவோர் வலக்காலை முதலில் வைக்க வேண்டும். வெளியேறும்போது முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடக்க வேண்டும். நடுவில் ஒரே மரத்தால் ஆன நெடிய தூண் கூரையைத் தாங்க, வடகிழக்கு மூலையில் உயரத்தில் மன்னரின் கட்டில் அமைந்திருக்கிறது. மெரினா மக்களின் மரபு வீடுகளில் கதவு மேற்குப் பக்கத்திலும் மூதாதையருக்குரிய இடம் வடகிழக்கு மூலையிலும் அமைவது விதியாகும். ஈசானிய மூலையில் பூசையிடம் அமைக்கும் தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது.

இறந்தோர் ‘ரசானா’ என்னும் மூதாதையராக மாறி வாழ்வோரின் நலத்தையும் கேட்டையும் நிர்ணயிக்கின்றனர் என்ற நம்பிக்கை, இத்தீவின் எல்லா இனக்குழுக்களையும் இணைக்கும் ஒரே இழை என்று கருதத் தக்கது. மேட்டுநிலத்தில் வீடு மண்ணாலும் செங்கல்லாலும் அமைய, குடும்பக் கல்லறை மட்டும் கருங்கல்லால் அமைவதற்கு, மனிதன் இவ்வீட்டில் சில காலமே தங்குகிறான், அவ்வீட்டிலோ என்றென்றும் தங்குகிறான் என்ற எண்ணமே அடிப்படை. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரையான குளிர்காலத்தில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கல்லறையைத் திறந்து முன்னோரின் உடல்களை வெளியே எடுத்து, புதிய பட்டுத்துணி சுற்றி, தோளில் சுமந்து ஆடிப்பாடி, ஊருக்கெல்லாம் சோறும் இறைச்சியும் அளித்து, மாலை சாய்வதற்குள் மீண்டும் உள்ளே கிடத்தும் ஃபமதிஹானா என்னும் சடங்கு இங்கேதான் நிகழ்கிறது. அழுகைக்கு அதில் இடமில்லை. பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதும், வீட்டுச் செய்திகளைச் சொல்வதும், நல்வாழ்வு வேண்டுவதுமாக அந்நாள் கழிகிறது.

மூதாதையர் விதித்த கட்டுப்பாடுகள் ‘ஃபாடி’ எனப்படும்; தமிழில் அதனை விலக்கு எனலாம். ஃபாடி தீவு முழுமைக்குமான பொதுச்சட்டம் அன்று. குலத்துக்கொன்றும், ஊருக்கொன்றும், ஆற்றுக்கொன்றுமாக அது வேறுபடுகிறது. ஓர் ஊரில் குறித்த கிழமையில் வயலில் இறங்கலாகாது. மற்றோர் ஊரில் பன்றி இறைச்சி ஆகாது. இன்னோர் இடத்தில் ஒரு காட்டுக்குள் நுழைவதே ஆகாது. மீறியவரை மட்டுமன்றி அவருடைய குடும்பம் முழுவதையும் கேடு சூழும் என்ற அச்சமே இதன் காவல். மடகாஸ்கரின் அரிய விலங்குகளுள் எவை இன்றும் எஞ்சியிருக்கின்றன என்ற கேள்விக்கான விடையில், பூங்காக்களின் வேலியைவிட இவ்விலக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இத்தீவில் பயணம் தொடரத் தொடரத் தெளிவாகிறது.

தலைநகரிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கும் சாலை அந்தாசிபே என்னும் சிற்றூரை அடையும்போது, காற்று ஈரமாகி, மரங்களில் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் படர்ந்த மழைக்காடு தொடங்குகிறது. லெமூர் என்பது குரங்குக்கு உறவான, ஆனால் மடகாஸ்கரில் மட்டுமே இயற்கையாக வாழும் விலங்கு வகையாகும். அவற்றுள் இன்று உயிருடன் இருப்பனவற்றில் மிகப் பெரியது இந்திரி, இக்காட்டின் தலைமைக் குடிமகன். கருப்பும் வெண்மையும் கலந்த மென்மயிரும், மஞ்சள் பச்சைக் கண்களும், வால் என்று சொல்லத்தகாத சிறு முனையும் கொண்ட இவ்விலங்கு ஒன்பது கிலோ எடைவரை வளர்கிறது. காலையில் ஒரு குடும்பம் மரக்கிளைகளில் அமர்ந்து முதலில் உறுமலாகத் தொடங்கிப் பின் நீண்ட ஏறிறங்கு ஒலியாக எழுப்பும் பாடல், இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் கேட்கிறது. அது அடங்குமுன் அடுத்த மலைச்சரிவிலிருந்து மற்றொரு குடும்பம் விடையிறுக்கிறது. சம இடைவெளியும் அதன் இருமடங்கு இடைவெளியும் மாறிமாறி வரும் தாளக்கட்டு அப்பாடலில் உண்டு என்பதை இத்தாலியின் தூரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021இல் கண்டறிந்தனர். மனித இசைக்கு அடிப்படையான இத்தாள வகை வேறொரு பாலூட்டியிடம் காணப்பட்டதை அறிந்த பின் அக்குரலைக் கேட்போர், அதனை வெறும் கூச்சல் என ஒதுக்கிவிட இயலாது.

ஐரோப்பியருக்கு இந்திரியை முதன்முதலில் விரித்துரைத்தவர் பியேர் சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலர். 1782இல் வெளியான அவரது பயண நூலில் இவ்விலங்கு இடம்பெற்றது. அவர் புதுச்சேரியிலும் சோழமண்டலக் கரையிலும் ஆண்டுக்கணக்கில் தங்கியவர் என்பதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் அவர் பெயரே நிலைத்திருக்கிறது என்பதும் தமிழ் வாசகர் அறிந்துகொள்ளத் தக்கவை.

உள்ளூர் மக்கள் இந்திரியை பாபகோட்டோ என்று அழைத்து, மனிதக் குடியோடு உறவுடையதாகவே நடத்துகின்றனர். தேன் எடுக்க மரமேறிய சிறுவன் தேனீக்கள் கொட்டிப் பிடி தளர்ந்து விழுந்தபோது, ஓர் இந்திரி அவனைத் தாங்கிக் காத்தது என்ற கதை வெவ்வேறு வடிவங்களில் சொல்லப்படுகிறது. அந்நன்றிக்கடனால் அதனைக் கொல்வதும் உண்பதும் ஃபாடி ஆயின. இவ்விலக்கின் மதிப்பை உணர, இந்திரி கூண்டில் நிலைத்து வாழ்வதில்லை என்பதையும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டியே ஈனும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காட்டில் அழிந்தால், காட்சிசாலையில் காத்து வைத்து மீண்டும் கொண்டுவந்து விட ஒரு குட்டிகூட இராது. கிழக்குக் காடுகளுக்குள் பொன் அரிக்க வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தோருக்கு அவ்விலக்கு இல்லை. அவர்களுடைய பசிக்கும் சந்தைக்கும் இந்திரியும் இறைச்சியாயிற்று. 2009இன் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் காவல் தளர்ந்த ஆண்டுகளில், காடுகளில் வேட்டையும் செம்மரத்தை ஒத்த விலையுயர்ந்த மரங்களை வெட்டுதலும் பெருகின. மூதாதையரின் சொல் அவர்களுடைய வழித்தோன்றல்களையே கட்டும் என்ற வரம்பு அப்போது வெளிப்பட்டது.

மேட்டுநிலத்துக்குத் திரும்பித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை, மரச்செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற அம்போசித்ராவை அடையும்போது பெத்சிலேயோ இனத்தவரின் நாடு தொடங்குகிறது. தீவின் தேர்ந்த நெல் உழவர் எனப் புகழ்பெற்ற இவர்கள், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கி, காளைகளை ஓட்டி மிதிக்கவைத்துச் சேறு கலக்குகின்றனர். அவ்வேலையிலிருந்து வளர்ந்ததாகக் கூறப்படும் சவிகா என்னும் வீரவிளையாட்டில், அடைப்புக்குள் துள்ளும் காளையின் திமிலை இளைஞர் வெறுங்கையால் பற்றி, அது உதறியெறிய முயலும்போதும் பிடி விடாமல் தொங்குகின்றனர். அலங்காநல்லூரையோ பாலமேட்டையோ அறிந்த எவரும் இக்காட்சியில் ஏறுதழுவுதலைக் காண்பர். அந்தத் திமில் மாட்டினமே சிந்துவெளி வட்டாரத்தில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்படுத்தப்பட்டு, கடலும் பாலையும் கடந்து ஆப்பிரிக்கா வழியாக இத்தீவை அடைந்ததாகும். மடகாஸ்கரில் மாடு உழவுக்கருவியும் செல்வமும் மட்டுமன்று, மூதாதையருக்கு உரிய படையலும் ஆகும்; மாடு அறுக்காமல் பெரிய சடங்கு எதுவும் நிறைவதில்லை.

இச்சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து இறங்கினால் வருவது ரனோமஃபானா. இங்குள்ள வெந்நீர் ஊற்றுகளைவிட இதற்குப் புகழ் தந்தது, அமெரிக்க அறிவியலர் பட்ரிசியா ரைட் 1986இல் இக்காட்டில் கண்டறிந்த பொன்னிற மூங்கில் லெமூராகும். அவ்விலங்கு நாளொன்றுக்கு உண்ணும் ஏறத்தாழ அரைக் கிலோ மூங்கில் குருத்தில், அதன் எடையுள்ள வேறு விலங்கைக் கொல்லப் போதுமானதைப்போலப் பன்னிரண்டு மடங்கு சயனைடு நஞ்சு இருக்கிறது. அதனை அவ்வுடல் எவ்வாறு செரிக்கிறது என்பது இன்றும் ஆராயப்படுகிறது. இக்கண்டுபிடிப்பின் விளைவாக 1991இல் தேசியப் பூங்கா அமைந்தது. ஆராய்ச்சி நிலையமும் அதனோடு மருத்துவ, கல்விப் பணிகளும் வளர்ந்தன. ஆயினும், காட்டை வெட்டி எரித்துச் சாம்பலில் மலைநெல் விதைக்கும் தவி என்னும் வேளாண்மையையும், தேன், நன்னீர் நண்டு, மூங்கில் ஆகியவற்றையும் நம்பி வாழ்ந்த தனாலா மக்களுக்கு, வரைபடத்தில் இழுக்கப்பட்ட எல்லைக்கோடு, தம் முன்னோர் அறியாத புதிய விலக்காக வந்து சேர்ந்தது. லெமூரைக் காத்ததன் விலையில் பெரும்பகுதியைச் செலுத்தியவர்கள் உலகின் மிக ஏழை உழவர்களே என்பதை மறைத்து இப்பூங்காவைப் புகழ்வது நேர்மையாகாது.

விலக்கு எப்போதும் விலங்கின் பக்கம் நிற்பதில்லை என்பதற்கும் இக்கிழக்குக் காடுகளே சான்று. இரவில் மட்டும் இயங்கும் அய்-அய் என்னும் லெமூருக்கு, ஓயாமல் வளரும் முன்பற்களும், தோல்போன்ற பெரிய காதுகளும், எலும்பும் தோலுமாய் நீண்ட நடுவிரலும் உண்டு. அவ்விரலால் மரப்பட்டையைத் தட்டி, உள்ளே புழு குடைந்த வெற்றிடத்தை ஒலியால் அறிந்து, பற்களால் துளைத்து, அதே விரலை விட்டுப் புழுவைத் தோண்டி எடுக்கிறது; மரங்கொத்திகள் இல்லாத இத்தீவில் அவற்றின் வேலையைச் செய்வது இதுவே. இத்தனை நுட்பமான உயிரைப் பல ஊர்கள் சாவின் முன்னறிவிப்பாகக் கொள்கின்றன. கண்டவுடன் கொன்று, ஊருக்கு வெளியே கம்பில் கட்டித் தொங்கவிட்டால் தீமை வழிப்போக்கரோடு போய்விடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. வேறு சில ஊர்களிலோ, இறந்த அய்-அய்க்கு மனிதருக்குரிய மரியாதையோடு அடக்கம் செய்ததாகவும் செய்திகள் உள்ளன. ஃபாடியைச் சூழல் காப்புக்கான பழங்குடி அறிவு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் இன்றைய எழுத்துகள், ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு விலங்குக்கும் இடையே உள்ள தனித்தனிக் கணக்கைக் காணத் தவறுகின்றன.

நெடுஞ்சாலைக்குத் திரும்பித் தெற்கே சென்றால் வரும் அம்பலவாவோ நகரில் அக்கணக்கு வேறு வடிவில் தெரிகிறது. மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்பிலும் இசாலோப் பகுதியிலும் வளரும் தபியா என்னும் மரம், தடித்த பட்டையால் புல்வெளித் தீயைத் தாங்கி நிற்பது. அதன் இலையை உண்டு வாழும் காட்டுப் பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து இங்குள்ள பெண்கள் கையாலேயே நூல் நூற்று, மரப்பட்டைச் சாயம் தோய்த்து, தரைத்தறியில் துணி நெய்கின்றனர். வளர்ப்புப் பட்டின் மினுமினுப்பு இல்லாத, சற்றே சொரசொரப்பான, மண்ணிறம் தங்கிய இத்துணியே ஃபமதிஹானாவில் முன்னோரைச் சுற்றும் லம்பமேனா ஆகும். மண்ணுக்குள் நெடுங்காலம் மக்காது என்பதால் அது விரும்பப்படுகிறது. தபியாக் காடு குறைந்தால் கூடு குறைகிறது. கூடு குறைந்தால் முன்னோருக்குரிய ஆடையின் விலை ஏறுகிறது. ஆகவே இறந்தோரின் தேவை ஒரு காட்டின்மீது ஊராரின் கண்ணை நிறுத்தி வைத்திருக்கிறது.

அந்நகருக்கு அருகில், செங்குத்தான கருங்கல் மலையடியில் உள்ள அன்ஜா என்னும் சிறு காட்டில், கறுப்பு வெள்ளை வளையங்கள் கொண்ட வாலை உயர்த்தி லெமூர்க் கூட்டங்கள் பாறைக்குப் பாறை தாவுகின்றன. காலை வெயிலில் வயிற்றைக் காட்டிக் கைகளை விரித்து அமரும் அவற்றின் வழக்கம் தியானத்தில் இருப்போரை நினைவூட்டுகிறது. இந்தக் காடு அரசின் பூங்கா அன்று. பாறைப் பிளவுகளில் பெத்சிலேயோ மூதாதையரின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ளமையாலும், லெமூரை உண்பது இவ்வூராருக்கு ஃபாடி ஆனமையாலும் எஞ்சியிருந்த மரங்களை, அன்ஜா மிராய் என்னும் ஊர்ச் சங்கம் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காத்து வளர்த்தது. வழிகாட்டுவோர் ஊர் இளைஞரே. நுழைவுக் கட்டணத்திலிருந்து பள்ளிக்கும் நாற்றங்காலுக்கும் பணம் செல்கிறது. 2012இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் எக்குவேட்டர் பரிசை இச்சங்கம் பெற்றது. இப்பயணத்தில் கண்டவற்றுள் மனநிறைவு தருவது எது என்று கேட்டால், ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடத்தக்க இந்தச் சிறு காட்டையே சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே விலங்கைக் காப்பவரும் அதனால் பயன் பெறுபவரும் ஒருவரே.

தெற்கே நிலம் வறண்டு, மனிதக் குடியிருப்பு அருகி, கண்ணுக்கெட்டிய வரை புல்லாகிறது. இசாலோவின் மணற்கல் மலைகளில், மாடு மேய்க்கும் பாரா இனத்தவர் இறந்தோரை முதலில் தாழ்வான பாறைப் பொந்தில் வைத்துக் கல்லால் மூடி, சில ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்து, எளிதில் ஏற இயலாத உயரத்து இடுக்கில் நிலையாகச் சேர்க்கின்றனர். அதற்கு அப்பால் உள்ள இலகாகாவில், 1998இல் நீலக்கல் கண்டறியப்பட்டதும், சில குடிசைகளே இருந்த இடம் பல்லாயிரம் பேர் திரண்ட நகரமாயிற்று. கல் வாங்கும் கடைகளில் இலங்கையிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்த வணிகர்கள் அமர்ந்திருப்பதற்கு, வணிகத்தைக் காட்டிலும் பழைய காரணம் ஒன்று உண்டு. மடகாஸ்கரும் இலங்கையும் தென்னிந்தியாவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தில் அடுத்தடுத்துக் கிடந்தபோது, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்து வெப்பத்தில் உருமாறிய பாறைகளே இம்மூன்று நிலங்களிலும் மணிக்கற்களைத் தந்தன. காங்கேயம், கரூர் வட்டாரத்தில் கிணறு வெட்டும்போது கிடைக்கும் நிறக்கற்களும் அவ்வரலாற்றைச் சேர்ந்தவையே. மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன்பின் தனித்துக் கிடந்தமையால்தான் வேறெங்கும் இல்லாத உயிர்கள் இங்கே தோன்றின.

அவ்வாறு தோன்றிய இரண்டு தாவரங்கள் தமிழ்நாட்டின் தெருவரை வந்துவிட்டன. கோடையில் பள்ளி வளாகங்களைச் சிவப்பாக்கும் செம்மயிற்கொன்றை, இத்தீவின் மேற்குப் புறத்து வறண்ட காடுகளுக்கு உரியது. வீட்டு முற்றங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியும் இத்தீவின் செடியே. 1950களின் இறுதியில் அதன் சாற்றிலிருந்து பிரிக்கப்பட்ட வின்பிளாஸ்டின், அதன்பின் கிடைத்த வின்கிரிஸ்டின் ஆகிய மருந்துகள், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயையும் நிணநீர்க் கணுப் புற்றுநோயையும் வெல்லும் மருத்துவத்தில் பெரும்பங்கு ஆற்றின. தமிழகத்தின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் அது பணப்பயிராகவும் விளைகிறது. அம்மருந்துகளின் வருவாயில் மடகாஸ்கரின் சிற்றூர்களுக்கு வந்தது மிகச் சிறிது என்பது வருத்தத்தோடு பதிய வேண்டிய உண்மை.

தென்மேற்குக் கரையில் துலியாராவைச் சுற்றி வளரும் முட்காடு, உலகில் வேறெங்கும் இல்லாத நிலக்காட்சி. முள் செறிந்த நெடுங்கழிகளாய் வானை நோக்கி வளைந்து நிற்கும் தாவரத் துணைக்குடும்பம் ஒன்று முழுமையாக இத்தீவுக்கே உரியது. இடையிடையே தண்ணீரைத் தண்டில் தேக்கிய பெருக்கமரங்கள் நிற்கின்றன. தென்கரையின் மணல்மேடுகளில் இன்றும் கிடைக்கும் தடித்த முட்டையோட்டுத் துண்டுகள், மூன்று மீட்டர் உயரம் வளர்ந்து, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த யானைப்பறவையுடையவை. மனிதர் வந்தேறிய பின் அப்பறவையோடு, கொரில்லா அளவுள்ள லெமூர் உள்ளிட்ட பெரிய விலங்குகள் பலவும் மறைந்தன. மூதாதையர் எல்லா உயிரையும் காத்தவர் அல்லர் என்பதற்கு அந்த ஓடுகள் சாட்சி.

அதே மண்ணில், மேலோட்டில் மஞ்சள் கதிர்கள் விரிந்த கதிர் ஆமை எஞ்சியது. இங்கு வாழும் மஹஃபாலி, அந்தந்ரோய் இனத்தவருக்கு ஆமையைத் தொடுவதும் உண்பதும் ஃபாடி. மாட்டுக்கொம்புகள் அடுக்கிய கற்கல்லறைகளும், அவற்றின்மேல் நடப்பட்ட அலோஅலோ என்னும் செதுக்குக் கம்பங்களும் நிற்கும் வெளியில், மேய்ச்சல் சிறுவரின் காலடியில் ஆமைகள் அச்சமின்றி நடமாடிய காலம் தொலைவில் இல்லை. பின்னர் வறட்சியும் வெளியூர் வேட்டைக்காரரும் வந்தனர். வளர்ப்பு விலங்குச் சந்தைக்காக ஆசிய நாடுகளுக்குக் கடத்தலும் வளர்ந்தது. 2018 ஏப்ரலில் துலியாராவில் ஒரே வீட்டில் ஏறத்தாழ 10,000 கதிர் ஆமைகள், உணவும் நீருமின்றி, அறைக்கு அறை நெருக்கி அடைக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றைக் காப்பாற்ற உலகின் பல பகுதிகளிலிருந்து கால்நடை மருத்துவர்கள் வந்தனர்.

மீட்கப்பட்ட ஆமைகளைக் காட்டில் விடுவதற்கு இடம் தேர்ந்தபோது, மண்ணையும் மழையையும் பார்த்ததோடு, எந்த ஊரில் ஃபாடி இன்னும் வலுவாக இருக்கிறது என்பதையும் காப்புப் பணியாளர்கள் கேட்டறிந்தனர். ஊர்ப் பெரியவர்களின் இசைவைப் பெற்று, அவர்கள் பொறுப்பேற்ற நிலங்களுக்கே ஆமைகள் சென்றன. கதிர் ஆமை இனப்பெருக்கத்துக்கு வர பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கடத்தல்காரரிடமிருந்து மீட்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இளம் ஆமைகள் ஆதலால், இன்று அவற்றோடு அந்த முட்காட்டில் மாடு மேய்க்கும் சிறுவர்கள் தாமே தந்தையராகும் காலத்தில்தான் அவை முட்டையிடத் தொடங்கும்.